தாள் அறுத்த பூண்டு

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு வில்பட்டிச் சாலையோரம் ஒரு வேன் வந்து நின்றது. பதினொரு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையிலும் தண்ணீர் பாட்டில் இல்லை. அடிவாரச் சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்த்த கையோடு பிளாஸ்டிக் பாட்டில்களையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். மலைக்கு உதவி செய்ய வந்த தன்னார்வலர்கள் வந்ததும் வராததுமாக உதவி கேட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர்.

தேவசேனா குடத்தோடு ஓடினாள். ஓடும்போதே ஒரு தடவை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஏன் பார்த்தாள் என்பது போன வாரம் வரை கூட வந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கும் நாலு வரியில் சொல்லிவிடலாம். அவளுடைய மாமனார் நல்லுசாமி, ஆடி மாதத்தில் தோட்டத்துப் படிக்கட்டில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். திண்டுக்கல்லில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து முன்னறைக் கட்டில்தான். அவருடைய மகன் செல்வமுருகன், தேவசேனாவின் கணவன், ஜீப் ஓட்டுகிறவன். இனி தோட்டத்தை யார் பார்ப்பது, காட்டேஜ் கட்டக் கேட்கிறார்கள், குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னான். சொன்ன விஷயத்தைக்கூட மன்னித்திருப்பார். கட்டிலில் கிடக்கிற மனிதனிடம் சொன்னான் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. பூண்டு தொடாத கையோடு என் முன்னால் வராதே என்றார். அவனும் ரோஷக்காரன். துணிப்பையை எடுத்துக்கொண்டு பெருமாள்மலைக்குப் போய், ஒரு மெக்கானிக் கடை மாடியில் தங்கிவிட்டான். இன்றோடு இருபத்திரண்டு நாள்.

பூண்டு அதற்காகக் காத்திருக்குமா? விளைந்துவிட்டது. கூலிக்கு ஆள் கேட்டால், எல்லோருக்கும் டவுனில் ஹோட்டல் வேலை. மழையோ நாளைக்கா நாளன்னைக்கா என்று மலைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

தேவசேனாவுக்கு ஒரு சோலி உண்டு. நாயுடுபுரத்தில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு வருடமாக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள். ‘மலைக்கு ஒரு கை’ என்று பெயர். மலையில் யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று ஒரு பக்கம் வரும். உதவி செய்ய யார் தயார் என்று மறுபக்கம் வரும். இரண்டையும் சேர்த்துவைப்பது அவள் வேலை. பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம், ஓடைக்குள் கிடக்கும் குப்பை, கண் தெரியாத ஒருவருக்குப் பரீட்சை எழுத ஒரு ஆள் என்று எவ்வளவோ நடந்திருக்கிறது. நல்லுசாமிக்கு அதில் மதிப்பே கிடையாது. “ஊரு உலகத்துக்கெல்லாம் ஆளு புடிச்சுக் குடுக்குற. வீட்டு வேலைக்கு ஒருத்தன் உண்டா?” என்று போன வாரம் தாரணியின் முன்னால் கேட்டுவிட்டார். தாரணி அவருடைய மகள், தேவசேனாவின் நாத்தனார்.

அந்த வார்த்தைதான் தேவசேனாவைத் தப்புச் செய்ய வைத்தது. அந்தப் பக்கத்துக்கு அவளே எழுதி வைத்த முதல் விதி ஒன்று உண்டு. வீட்டுக்காரர் சம்மதம் சொல்லாமல் ஒரு ஆளையும் அனுப்பக் கூடாது. தன் வீட்டுக்கு மட்டும் அவள் கேட்கவில்லை. “பூண்டு எடுக்க ஆள் வருது மாமா” என்று மொட்டையாகச் சொன்னாள். அவர் கூலியாள் என்று நினைத்துக்கொண்டார். அவளும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வந்தவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பெர்லின். மதுரையில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, நாற்பது வயது, ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்காவது குனிந்து வேலை செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. தண்ணீரைக் குடித்துவிட்டு, “சொல்லுங்க தேவசேனா, எங்கிட்டிருந்து ஆரம்பிக்கணும்?” என்றாள்.

படிப்படியாக ஏறும் தோட்டத்தில் சாலையை ஒட்டிய கீழ் இரண்டு அடுக்கைக் காட்டினாள் தேவசேனா. வேன் பக்கத்தில் இருப்பதால் தூக்கிப் போக வசதி. செய்முறையை முந்தாநாளே எல்லோருக்கும் மூன்று வரியில் அனுப்பியிருந்தாள். பிடுங்கு, மண்ணைத் தட்டு, மேலே நீண்டிருக்கும் பச்சைத் தாளை ஒட்ட நறுக்கித் தலையை மட்டும் கூடையில் போடு. அரிவாளும் கத்தியும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பிறந்தது பழனியில், அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற வீடு. அப்பாவுக்குக் கோயில் கைங்கரியமும் உண்டு. அந்த நாட்களில் வீட்டில் பூண்டு வாசமே ஆகாது. கல்யாணமாகி இரண்டு வருடம் நாயுடுபுரத்து வாடகை வீடு. மாமனார் விழுந்த பிறகுதான் வில்பட்டிக்கு வந்தாள். தோட்டத்து மூலையில் ஒரு புகைக் கொட்டகை இருப்பது தெரியும். அவள் வந்தபோது அது காலியாகக் கிடந்தது. உத்தரம் கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தாள்.

பதினொரு பேரும் நல்ல வேலைக்காரர்கள். பாட்டும் பேச்சுமாகக் குனிந்தார்கள். தாரணி உள்ளே உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்குள் கீழ் இரண்டு அடுக்கும் முடிந்து, கூடைகளில் பூண்டுத் தலைகள் பளிச்சென்று நிறைந்திருந்தன. பார்க்கப் பார்க்க தேவசேனாவுக்குப் பெருமையாக இருந்தது. போட்டோ ஒன்று எடுத்தாள். மாமாவுக்குக் காட்டலாம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“தாரணி. அது என்ன சத்தம்?”

தாரணி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பூண்டு எடுக்கிறார்கள் அப்பா என்றாள்.

“பூண்டு எடுத்தாச் சத்தம் வராது. சரக்கு சரக்குங்குது. யாரு அங்கன அருவாள எடுத்தது?”

தாரணி ஓடிவந்து பார்த்தாள். கூடையைப் பார்த்தாள், வரப்பில் குவிந்திருந்த பச்சைத் தாள்களைப் பார்த்தாள், மதினி தேவசேனாவைப் பார்த்தாள். மதினியைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்.

மலைப்பூண்டைத் தாளோடுதான் எடுக்க வேண்டும். தாளைச் சேர்த்து முடி போட்டுக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டுக் கீழே புகை போட்டால், அடுத்த நடவு வரைக்கும் கெடாது. தாளை அறுத்தால் எதைக் கட்டுவது? அறுத்த வாயில் ஈரம் ஏறினால் பத்து நாளில் அழுகும். தின்கிற பூண்டென்றால் போகட்டும், விற்றுவிடலாம். கீழ் இரண்டு அடுக்கும் விதைக்கென்று அவர் பார்த்துப் பார்த்து விட்ட பூண்டு. மேலே நாலு அடுக்கில் இருப்பது பொடிப் பல், விதைக்கு ஆகாது. விதை போனால் அடுத்த வருஷம் நடுவதற்கு எதுவும் கிடையாது. நடவில்லை என்றால் தோட்டம் காட்டேஜ்காரனுக்குத்தான். அண்ணன் கேட்டது தானாகவே நடந்துவிடும்.

தேவசேனா கூடையிலிருந்து ஒரு தலையை எடுத்து அறுத்த வாயைத் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளிருந்து நல்லுசாமி கூப்பிட்ட கூப்பாட்டில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பேண்ட்டும் தொப்பியும் போட்ட கூட்டத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, இது கூலியாள் இல்லை என்று. யார் நீங்கள் என்று கேட்டார். பெர்லின் சொன்னாள். அவர் தலையணையில் கையை ஊன்றி நிமிரப் பார்த்தார், முடியவில்லை.

“எங்க பாட்டன் காலத்து விதை. பொழுதுபோக்குக்கு வந்து அறுத்துப் போட்டீகளா?”

பெர்லின் ஒரு நிமிடம் தேவசேனாவைப் பார்த்தாள். அவளுடைய போனில் மூன்று வரிச் செய்முறை இருந்தது, அதன் அடியில் தேவசேனாவின் பெயரும் இருந்தது. ஆனாலும் பெர்லின், “மன்னிச்சிருங்க ஐயா. எங்களுக்குத் தெரியாமப் போச்சு” என்றாள். மற்ற பத்துப் பேரும் மண் படிந்த கைகளோடு தலையைக் குனிந்து நின்றார்கள்.

தாரணி மதினியின் கையை அழுத்தினாள். விடு, அவர்கள் சாயங்காலம் போய்விடுவார்கள், நீ இங்கே இருக்க வேண்டியவள் என்று அந்த அழுத்தத்துக்கு அர்த்தம். தேவசேனாவும் ஒரு கணம் சும்மாதான் நின்றாள். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, பேசாமல் இருந்தால் போதும். ஆனால் விடியாத முன்னே கிளம்பி, கொண்டைஊசி வளைவில் வாந்தி எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் வந்து, தான் சொன்னதைச் சொன்னபடி செய்தவர்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க அவளால் ஆகவில்லை.

“அவங்க மேல தப்பில்ல மாமா. நான்தான் நறுக்கச் சொன்னேன். எழுதிக் குடுத்ததும் நான்தான்.”

நல்லுசாமி அவளைப் பார்த்தார்.

“ஏத்தா, நீ பூண்டையே பார்த்ததில்லையா?”

“கடையில தலையைத்தான் பார்த்திருக்கேன் மாமா. தாளோட பார்த்ததில்ல.”

“ஆளு வருதுன்னு என்கிட்டச் சொன்னியே?”

“அதையும் முழுசாச் சொல்லல. சொன்னா வேணாம்பீங்கன்னு சொல்லல.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மேலே இருக்கிறதையாவது தாளோடு எடுக்கச் சொல்லு என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, “சாயங்காலத்தோட அந்தப் பக்கத்த மூடிரு” என்றார்.

தேவசேனா புகைக் கொட்டகைக்குள் போய் அழுதாள். நன்றாகவே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மூடத்தான் போகிறோம், மூடுவதற்கு முன் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. பெருமைக்கு எடுத்த போட்டோவையே போட்டாள். கீழே எழுதினாள்:

‘இது என் வீட்டுத் தோட்டம். மாமாவிடம் கேட்காமல் ஆட்களை வரவழைத்தேன். தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி சொல்லிக் கொடுத்தேன். விதைப்பூண்டின் தாளை அறுக்க வைத்துவிட்டேன். வந்தவர்கள் மேல் தப்பில்லை. தாள் இல்லாத பூண்டைப் புகை போட்டுக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?’

ஒருவர் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். ஒருவர் ஊறுகாய் போட யோசனை சொன்னார். சென்னையிலிருந்து ஒருவர் கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தார். தேவசேனா போனை இடுப்பில் செருகிக்கொண்டு மேல் அடுக்குக்குப் போய், எல்லோரோடும் குனிந்து தாளோடு பூண்டைப் பிடுங்கினாள். பெர்லின் அவள் பக்கத்திலேயே வேலை செய்தாள். எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை உப்புமா நல்லா இருந்துச்சு என்றாள்.

பத்தே முக்காலுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. கவுஞ்சியிலிருந்து, சோலையம்மாள். போன ஐப்பசிக் காற்றில் கூரை பறந்துபோய் மூன்று பிள்ளைகளோடு நின்றவள். தேவசேனாதான் ஆள் சேர்த்து அனுப்பிக் கூரை போட்டுக்கொடுத்தாள்.

“தாயி, நான் சோலையம்மா பேசுறேன். ஒரு வருசம் ஆலங்கட்டி மழையில எங்களுக்கும் தாளு பூராம் முறிஞ்சு போச்சு. மூங்கித் தட்டியில ஒத்தையா பரப்பி, அடுப்புக்கு மேல பரணுல ஏத்தி, எளம்புகை போட்டோம். முக்காவாசி தேறிருச்சு. ஈரம் மட்டும் படக் கூடாது. ஆறு தட்டி எங்கிட்ட இருக்கு. காய் வண்டி ஒன்னு இப்பக் கெளம்புது. நாலு பேரா வரவா? கேட்டுச் சொல்லு, வெரசா சொல்லு.”

தேவசேனா அதை இரண்டு தடவை கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் கவனிக்காத ஒன்று அப்போது உறைத்தது. உதவி கேட்கிற பக்கத்தில் எப்போதும் மலைக்காரர்கள். வருகிறோம் என்கிற பக்கத்தில் எப்போதும் கீழே இருந்து வருகிறவர்கள். மலையிலிருந்து மலைக்கு வருகிறேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொல்லுங்கள் என்று அவளும் யாரையும் கேட்டதில்லை.

இந்தத் தடவை விதியை மீறவில்லை. நேரே முன்னறைக்குப் போனாள்.

“மாமா, கவுஞ்சியில இருந்து நாலு பேர் வரட்டுமான்னு கேக்குறாங்க. கூலிக்கு இல்ல. தாளறுந்த பூண்டைத் தட்டியில வச்சுப் புகை போடத் தெரியுமாம். நீங்க சரின்னாத்தான் வரச் சொல்லுவேன்.”

நல்லுசாமி சுவரைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. சுவரிலிருந்தே பதில் வரும்போல இருந்தது.

“தட்டி வச்சிருக்காகளாமா?”

“ஆறு இருக்காம்.”

“வரச் சொல்லு.”

இரண்டு மணிக்குக் காய்கறி வண்டியின் உச்சியில் தட்டிகளைக் கட்டிக்கொண்டு நாலு பெண்கள் வந்து இறங்கினார்கள். வானம் அதற்குள் கறுத்துவிட்டது. சோலையம்மாள் இறங்கின கையோடு கூடைக்குள் கையைவிட்டு ஒரு பூண்டை எடுத்து முகர்ந்து, இது போகாது, தேத்திரலாம் என்றாள். மதுரைக்காரர்களை வரிசையாக உட்காரவைத்தாள். அடிபட்டது ஒரு பக்கம், முழுசானது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னாள். பெர்லின் முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

வேலைக்கு நடுவே சோலையம்மாள் காபி குடிக்க வீட்டுக்குள் வந்தாள். நல்லுசாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். நீங்கள் எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அவர் கேட்டார். கேட்ட தொனியில் கோபம் இல்லை, ஒரு சங்கடம்தான் இருந்தது.

“உங்க மருமக அனுப்புன ஆளுகதான் எனக்குக் கூரை போட்டாக. அன்னைக்கு நான் கேட்டேன், வந்தாக. இன்னைக்கு இந்தப் புள்ள கேட்டுச்சு, வந்தோம். கேக்குறதுல என்னங்கய்யா இருக்கு? நான் கேக்காம இருந்திருந்தா எம்புள்ளைக நனைஞ்சிருக்கும்.”

சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போய்விட்டாள். நல்லுசாமி கவிழ்ந்திருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு எல்லாம் கொட்டகைக்குள் வந்துவிட்டன. கீழ் அடுக்குப் பூண்டு தட்டிகளில் ஒற்றையாகப் பரப்பியாயிற்று. மேல் அடுக்குப் பூண்டு தாளோடு குவிந்து கிடந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது. தட்டிகளைப் பரணுக்கு ஏற்ற உத்தரத்தில் ஆள் ஏற வேண்டும். பன்னிரண்டு அடி உயரம், புகை படிந்து எண்ணெய் தேய்த்தமாதிரி வழுக்கும் மரம். வேனில் வந்த இளைஞன் ஒருவன் ஏறிப் பார்த்தான், பாதியில் சறுக்கி இறங்கிவிட்டான். இன்னொருவனை ஏறவிடத் தேவசேனாவுக்கு மனசில்லை. இந்த வீட்டில் ஒரு தொடை முறிந்தது போதும். கீழேயே வைத்தால் ஈரமண் தரை, அவ்வளவு பாடும் வீண்.

“நம்ம கொட்டகையில ஏறத் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான் மதினி,” என்றாள் தாரணி. ஒருவர் முன்னறையில் படுத்திருக்கிறார். இன்னொருவன் யார் என்று அவள் சொல்லவில்லை.

அப்போது தேவசேனாவின் இடுப்பில் போன் அதிர்ந்தது. ‘மலைக்கு ஒரு கை’ பக்கத்தில் புதிதாக ஒருவர் பதிந்திருந்தார். திறந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு மழைத்தூறலில் வீட்டை நோக்கி நடந்தாள்.

நல்லுசாமி விழித்துத்தான் இருந்தார். தட்டி ஏத்தியாச்சா என்று கேட்டார்.

“இல்ல மாமா. ஏற ஆள் இல்ல. இப்ப ஒருத்தர் வரேன்னு எழுதியிருக்கார். நீங்க சரின்னாத்தான் வரச் சொல்ல முடியும்.”

“அதான் ஊரே வந்தாச்சே. ஆளு யாரு?”

தேவசேனா போனை அவரிடம் நீட்டினாள்.

“கண்ணாடிய எடு,” என்றார்.

எடுத்துக் கொடுத்தாள். அவர் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

பெயர்: செல்வமுருகன். ஊர்: பெருமாள்மலை. தெரிந்த வேலை: பூண்டு முடி கட்டுவது, உத்தரம் ஏறுவது. எப்போது வர முடியும்: இப்போதே. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா: வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும்.

படித்து முடித்தும் அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தகரக் கூரையில் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கொட்டகைப் பக்கமிருந்து தட்டிகளைத் தார்ப்பாயால் மூடச் சொல்லி சோலையம்மாள் சத்தம் போடுவது கேட்டது. திரையின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் ‘வரட்டும்’ என்றும், மற்றதில் ‘இப்போது வேண்டாம்’ என்றும் எழுதியிருந்தது. தேவசேனா அந்தப் பக்கத்தைத் தொடங்கிய நாளில், தன் கையால் எழுதிய வார்த்தைகள்தான் அவை.

நல்லுசாமியின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

“இதுல எதை அமுக்குனா அவனுக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

“எதை அமுக்குனாலும் தெரியும் மாமா,” என்றாள் தேவசேனா.